தொடர்மாடியில் ட்ரம்ஸ்: தடை வேண்டாம், வேறு வழி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் ஒருவரின் கடிதத்தை வாசித்தேன். மேல்வீட்டுப் பையன் பின்னேரங்களில் ட்ரம்ஸ் பழகுவதால் தன் வயதான தாயாரால் கண்மூட முடியவில்லை என்றும், தொடர்மாடிகளில் இந்த வாத்தியத்தையே நிர்வாகக் குழுக்கள் தடை செய்ய வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். அந்தத் தாயாரின் சிரமம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ட்ரம்ஸ் வாசிப்பவரின் காதடியில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு எழுந்திருக்கும் எங்கள் கட்டடங்களில், மெல்லிய சீமெந்துக்கல் சுவருக்கு அப்பால் இருப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்காத ட்ரம்ஸை வீட்டிலேயே செய்யலாம். எங்கள் வீட்டில் நானும் மகளும் செய்து வைத்திருக்கிறோம். அவள் தினமும் அதில்தான் பழகுகிறாள்.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து இளைப்பாறியவள். மகள் பாடசாலை வாத்தியக் குழுவில் பக்கமேளம் அடிக்கத் தொடங்கி, பிறகு முழு ட்ரம்ஸ் தொகுதிக்கு வந்தவள். ஒரு பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வாத்தியம் என்று உறவினர் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. அவளுடைய கை அதில் பேசுகிறது. எனக்கு அது போதும்.

கடைகளில் இலத்திரனியல் ட்ரம்ஸ் இருக்கிறதே, வாங்கிக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு, இறக்குமதியாகும் எந்த வாத்தியமும் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆரம்பநிலைத் தொகுதியின் விலையே இலட்சத்தைத் தாண்டுகிறது. பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் ஆர்வம் மாறினாலும் மாறலாம் என்று நினைக்கும் பெற்றோர் அந்தப் பணத்தைப் போடத் தயங்குவது நியாயம்தான். அதனால்தான் நானே சாமான் தேடிப் புறக்கோட்டைக்குப் போனேன்.

அந்தத் தொகுதிகளின் உயிர்நாடி மிகச் சின்னப் பொருள் ஒன்று. பீசோ வில்லை என்பார்கள். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். 27 அல்லது 35 மில்லிமீற்றர் விட்டம், இரண்டு வயர்கள், அவ்வளவுதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்குக் கொடுக்கும் காசில் சில வில்லைகள் வாங்கலாம். கூவும் மணி, விளையாட்டுச் சாமான், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இதே வில்லைதான் இருக்கிறது. அங்கெல்லாம் மின்னைக் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலிக்கும். எங்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: தட்டினால் அது மின்னழுத்தத்தைத் தரும். 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் பளிங்குகளை அழுத்தி இந்த விளைவைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் சமையலறைக் காஸ் லைட்டரை அழுத்தும்போது பொறி பறக்கிறதே, அதுவும் இதே விளைவுதான்.

ட்ரம்ஸ் குச்சியின் அடி விழுந்ததும் வில்லையிலிருந்து ஒரு சின்னத் துடிப்பு வெளிவரும். நேர், மறை, நேர் என்று ஆடி, மிக விரைவில் அடங்கிவிடும். அந்தத் துடிப்பின் உச்சம் எவ்வளவு உயரம் என்பதை ஒரு கருவி அளந்து, அந்த அளவுக்கேற்ற பலத்தில் பதிவு செய்து வைத்த ட்ரம்ஸ் ஒலியை எழுப்பும். அந்த ஒலி காதில் மாட்டும் ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கும். துடிப்பைத் தரும் இந்த அமைப்பைத்தான் வாத்தியக்காரர்கள் ட்ரிகர் என்கிறார்கள். வில்லை மலிவு. அதை அடியின் நடுவே எப்படி உட்கார வைப்பது என்பதில்தான் கைவேலை முழுவதும் இருக்கிறது.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய மரத் தொட்டி. தோல் கிழிந்து கழித்துவிடப்பட்ட சின்ன ட்ரம். அதன் பழைய தோலின் அலுமினிய வளையத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை அறுத்தெடுத்துவிட்டு, ஜன்னலுக்குப் போடும் நுளம்பு வலையை இரண்டு அடுக்காக எபொக்சியால் ஒட்டினோம். ஒரு அடுக்கின் இழை மற்றதன் இழைக்கு 45 பாகை சரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுவை எல்லாப் பக்கமும் சமமாக வரும், சீக்கிரம் கிழியாது. வலையில் அடிக்கும்போது காற்று அதனூடாகப் போய்விடுவதால் சத்தம் அதிகம் எழும்பாது. குச்சியோ உண்மையான தோலில் போலவே துள்ளித் திரும்பும். இந்த வலைத்தோலைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம். 1997இல், தோல் செய்யும் ரெமோ நிறுவனத்துடன் சேர்ந்து. அதற்கு முன், 1981இல் வந்த சிமன்ஸ் நிறுவனத்தின் அறுகோணத் தட்டுகள் கல்லுப் போல விறைப்பானவை. நாளெல்லாம் அடித்தவர்களின் மணிக்கட்டு நோவெடுத்தது.

தொட்டியின் உள்ளே குறுக்காக ஒரு அலுமினியப் பட்டி. அதன் நடுவில் இரட்டைப்பக்க ஸ்பொஞ்ச் நாடாவால் பீசோ வில்லை. வில்லையின் மேல் ஸ்பொஞ்சில் வெட்டிய கூம்பு. கூம்பின் நுனி தொட்டியின் விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். வலையை இறுக்கும்போது அது மெல்ல அமுங்கி, எப்போதும் வலையைத் தொட்டபடி நிற்கும். மெத்தை ஸ்பொஞ்ச் இதற்கு உதவாது, அது அடியை விழுங்கிவிடும். பொருள் பொதி செய்து வரும் பெட்டிகளின் மூலையில் இருக்கும் அடர்த்தியான ஸ்பொஞ்ச் நல்லது.

நடுவில் கூம்பை வைத்தால் ஒரு தொல்லை உண்டு. நட்டநடுவில் விழும் அடி மட்டும் தனியாக உரத்து ஒலிக்கும். கடையில் விலை கொடுத்து வாங்கும் தொகுதிகளிலும் இது இருக்கிறது. கூம்பை விளிம்புப் பக்கமாக, வாசிப்பவரின் எதிர்ப்புறத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மகள் விரும்பியது அதைத்தான். இப்போது மெல்லிய அடியும் பலத்த அடியும் அவள் நினைத்தபடியே வருகின்றன. வாத்தியம் பழகும் பிள்ளைக்கு இதைவிட முக்கியம் எதுவும் இல்லை. எல்லா அடியும் ஒரே பலத்தில் கேட்கும் தட்டில் பழகினால் கை கெட்டுப்போகும்.

சோல்டர் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் படலத்தின் மேல் இரும்பைச் சில கணத்துக்கு மேல் வைக்காதீர்கள். இந்தப் பீங்கானுக்குக் கியூரி வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் சூடேறினால் உள்ளே ஒழுங்காக நிற்கும் முனைவுகள் குலைந்து, அந்த இடம் மின்னைத் தரும் குணத்தை இழந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வயர் பிடித்தே விற்கும் வில்லையை வாங்குவது புத்தி. வெள்ளைப் பக்கத்து வயரை, கேபிள் செருகும் ஜாக்கின் நுனிக்கும், பித்தளைப் பக்கத்து வயரை அதன் உடலுக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் சில கருவிகள் வேலை செய்யும், சில தடுமாறும்.

அப்புறம், ஒலியைத் தரும் கருவி. இங்கே நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். கொழும்பில் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கப் போகும் எந்த இசைக்குழுவிடமும் அநேகமாக ஒரு ஒக்டபாட் இருக்கும், அதாவது குச்சியால் தட்டும் எட்டுத் தட்டுள்ள இலத்திரனியல் வாத்தியம். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எஸ்பிடி-20, எஸ்பிடி-30 போன்ற மாதிரிகளில் ட்ரிகர் இன் என்று எழுதிய துளைகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன தொட்டியை ஒரு சாதாரண கித்தார் கேபிளால் அதில் மாட்டினால் போதும், பேசத் தொடங்கிவிடும். பல வருடமாக ஒக்டபாட் வாசிக்கும் எத்தனையோ தம்பிமார் அந்தத் துளைகளைத் தொட்டதே இல்லை. கால் மிதிக்கும் பாஸ் ட்ரம்முக்கு ஒரு பலகை, ஒரு இறப்பர்த் தாள், அடியில் ஒரு வில்லை: ஒரு பின்னேரத்து வேலை. அதைச் செய்துகொண்டால் குழுவுக்கே ஒரு புதுக் கை கிடைத்த மாதிரி.

ஒக்டபாட் இல்லாத வீட்டில் ஆடுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சின்னச் சுற்றுப்பலகை) ஒன்றும் கணினியும் இருந்தால் போதும். லியனார்டோ வகை வாங்குங்கள். அது யூஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தன்னை ஒரு மிடி வாத்தியமாகவே காட்டிக்கொள்ளும். மிடி என்பது வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி. வில்லைக்குக் குறுக்கே 1 மெகா ஓம் தடையி ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் ஏற்றம் வெளியேற வழியில்லாமல், அடி ஓய்ந்த பிறகும் பலகை அளக்கும் அளவு நிலைகொள்ளாமல் மிதந்துகொண்டிருக்கும். கூடவே, அளவை மீறும் அழுத்தத்தை வெட்டிவிடும் 5.1 வோல்ற்று செனர் இருவாயி (டயோட்) ஒன்று. பலமாக அடித்தால் வில்லை பத்துக்கணக்கான வோல்ற்றைத் துப்பும், பலகையோ 5 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. உள்ளே வரும் அழுத்தத்தைப் பலகை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும். அதை நாங்கள் எழுதும் நிரல் 1 முதல் 127 வரையான பலமாகச் சுருக்கி, எது அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் எண்ணோடு (பாஸுக்கு 36, ஸ்னேர் என்ற பக்கமேளத்துக்கு 38, மூடிய ஹைஹாட் தாளத்துக்கு 42) கணினிக்கு அனுப்பும். 1983இல் வந்த மிடி முறை இன்றும் உலகம் முழுவதும் ஓடுகிறது. கணினியில் ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருள் ஒலியைத் தரும். அடிக்கும் ஒலிக்கும் இடையில் 10 மில்லிசெக்கன் அளவுக்குத் தாமதம் வந்தாலே பழகிய கை உணர்ந்துவிடும். விண்டோஸ் கணினியில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) வகை ஒலி இயக்கி போட்டுக்கொள்ள வேண்டியது அதனால்தான். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் போன காலத்திலும், மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த அமைப்புக்கு வேறு மின்சாரம் தேவையில்லை.

நிரலில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே வரும் துடிப்பை அடியாக எடுக்கக்கூடாது என்ற எல்லை முதலாவது. ஒரு அடிக்குப் பிறகு எத்தனை மில்லிசெக்கன் அதே வில்லையைக் கவனிக்காமல் விடுவது என்பது அடுத்தது. அதைச் சரியாக வைக்காவிட்டால் துடிப்பின் வால்கூட இன்னொரு அடியாகக் கேட்கும், அதிகமாக வைத்தால் வேகமான உருட்டல் அடிகள் காணாமல் போகும். மூன்றாவது, ஒரே சட்டத்தில் பூட்டிய தொட்டிகளில் ஒன்றில் அடித்தால் பக்கத்துத் தொட்டியும் சேர்ந்து பேசுவது. பூட்டும் இடங்களில் பழைய இறப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்தால் பாதிக்கு மேல் அடங்கும். மீதியை, ஒரே நேரத்தில் வந்த இரண்டு துடிப்பில் சின்னதைத் தள்ளிவிடும்படி நிரலில் எழுதித் தீர்க்கலாம். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் எந்தப் பிள்ளையும் இதைச் செய்யும்.

இவ்வளவும் சொன்னபின், கடிதம் எழுதிய வாசகருக்கு நேராகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வலைத்தோல் போட்டாலும் கீழ்வீட்டுக்கு ஒன்றும் கேட்காது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். எங்கள் தொகுதியைப் பூட்டிய கிழமையே கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்தார். “ரீச்சர், மேளம் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா கட்டில் கால் இடிக்குது” என்றார். அவர் சொன்னது நூறு வீதம் உண்மை. காற்றில் போகும் சத்தம் வேறு, கொங்கிறீற்றுக்குள் போகும் அதிர்வு வேறு. பாஸ் ட்ரம் மிதியின் ஒவ்வொரு உதையும் தரைக்குள் இறங்கி, தூண் வழியாகக் கீழ் மாடிக்குப் போகிறது. கம்பளம் விரித்தால் தீரும் என்பார்கள். கம்பளம் மேற்பரப்பில் விழும் மெல்லிய தட்டலைத்தான் குறைக்கும், இந்தத் தாழ்ந்த இடியை அது தொடாது.

இதற்கு வழி மிதக்கும் மேடை. இரண்டு 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, நடுவில் ரென்னிஸ் பந்துகள். கீழ்ப்பலகையில் பந்தைவிடச் சற்றுச் சிறிய வட்டத் துளைகளை வெட்டி, அவற்றில் பந்துகளை உட்கார வைத்து, மேலே மற்றப் பலகையை வைக்க வேண்டும். மேடை, வாசிப்பவர், ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு திணிவு, பந்துகள் வில்சுருள். வில்சுருளில் பாரம் மேலும் கீழும் ஆடுவது போன்ற, உயர்தர மாணவர் எவருக்கும் தெரிந்த எளிமை இசை இயக்கம். இந்த அமைப்பு தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகமான இயற்கை அதிர்வெண்ணின் 1.41 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகள்தான் குறையத் தொடங்கும், அதற்குக் கீழே உள்ளவை குறையாது. ஆகவே இயற்கை அதிர்வெண்ணை இயன்றவரை தாழ்த்த வேண்டும். முழுப் பாரமும் ஏறியபோது பந்துகள் 2.5 மில்லிமீற்றர் அமுங்கினால் அது ஏறத்தாழ 10 ஹேர்ட்ஸ். அதிகம் பந்து போட்டால் நல்லது என்று நினைப்பது தவறு. பந்து கூடக்கூட மேடை விறைத்து, அதிர்வு மறுபடியும் இறங்கும். மேடை ஆடாமல் நிற்கத் தேவையான குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, பாரம் எங்கே கூடுதலோ அங்கே நெருக்கமாக வையுங்கள். மேடையின் ஓரம் சுவரைத் தொடவே கூடாது. ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் செய்த வேலை எல்லாம் அந்த ஒரு தொடுகையால் போய்விடும்.

அன்ரியின் வீட்டுத் தரையில் கைத்தொலைபேசியை வைத்து, அதிலுள்ள, அதிர்வை அளக்கும் முடுக்கமானியில் மேடைக்கு முன்னும் பின்னும் பார்த்தோம். முன்பு ஒவ்வொரு மிதிக்கும் துள்ளிய கோடு, மேடை போட்ட பிறகு ஏறத்தாழத் தட்டையாகக் கிடந்தது. அதைவிட எனக்குப் பெரிய சான்று, அன்ரி அதன்பிறகு படியேறி வந்தது பலகாரத்தோடுதான்.

ஆகவே தொடர்மாடி நிர்வாகக் குழுக்களிடம் என் வேண்டுகோள் இது. தடை என்று ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள். வலைத்தோலும் ஹெட்போனும் கட்டாயம், பாஸ் மிதிக்கு மிதக்கும் மேடை கட்டாயம், இரவு ஒன்பதுக்குப் பிறகு இல்லை என்று எழுதுங்கள். முறைப்பாடு வந்தால் குழுவிலிருந்து ஒருவர் கீழ்வீட்டில் நின்று கேட்டுப் பார்க்கட்டும். அந்தப் பையனின் பெற்றோருக்கு இவை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் செய்வார்கள்.

பாடசாலை அதிபர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மகள் படித்த பாடசாலையின் மேடைக்குக் கீழே, தோல் கிழிந்த ட்ரம்கள் தூசி படிந்து கிடந்ததை என் கண்ணால் கண்டேன். திருத்தக் காசில்லை என்று ஒதுக்கி, பிறகு பழைய இரும்போடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மரத் தொட்டி கெட்டுப்போவதில்லை. கொழும்பில் பல பாடசாலைகளில் இப்படிக் கிடக்கும் என்றே நினைக்கிறேன். தயவுசெய்து அவற்றை எறியாதீர்கள். விஞ்ஞானக் கழகத்திடமும் வாத்தியக் குழுவிடமும் சேர்த்துக் கொடுங்கள். விஞ்ஞானக் கண்காட்சிக்கு வருடாவருடம் அதே எரிமலையும் அதே காற்றாடியும் செய்யும் பிள்ளைகள், ஒருமுறை இதைச் செய்யட்டும். அலைகள், மின்னியல், நிரலாக்கம் மூன்றும் ஒரே தொட்டிக்குள் வருகின்றன. செய்து முடித்ததும் அதை அடித்துப் பார்க்கலாம் என்ற ஆசையே அவர்களைக் கடைசிவரை கொண்டுபோகும். குறிப்பாகப் பெண்கள் பாடசாலைகளில் இது நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சோல்டர் இரும்பையும் ட்ரம்ஸ் குச்சியையும் எங்கள் பெண்பிள்ளைகளின் கையில் கொடுக்க இன்னும் பலர் தயங்குகிறார்கள்.

மேடையின் அளவுகளையும் சுற்றுப்படத்தையும் தனித்தாளில் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் மாணவர் பக்கத்திலாவது பிரசுரியுங்கள். கடிதம் எழுதிய வாசகருக்கு மட்டும் ஒரு பிரதியை நீங்கள் அனுப்பி வைத்தால், அவர் அதை மேல்வீட்டாரிடம் கொடுக்கலாம். பலகையும் பந்தும் வெட்டிப் பொருத்த அவர்களுக்கு உதவி வேண்டுமென்றால், பத்திரிகை வழியாகச் சொல்லியனுப்புங்கள். நானும் மகளும் ஒரு சனிக்கிழமை வேலைக் கருவிகளோடு வந்து செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.